மேஜருக்குத் தாகமெடுத்த நாள்

எங்கள் லாமுனு மதினியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. அவள் என்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் வராது. "கிடேகா தைச்ச கால்சட்டையா? போட்டுக்கிட்டு உக்காந்துராதே, நின்னுக்கிட்டே இரு" என்று என்னிடம் துணி கொடுக்க வருகிறவர்களிடமே சொல்லுகிறவள். மாமரத்துக்கு இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் அவள் பானைகள். சோளத்தைப் புளிக்க வைத்து க்வேத்தே காய்ச்சி விற்கிறாள். நடுவில் பதினைந்து அடி. முகாமுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் சண்டையெல்லாம் அந்தப் பதினைந்து அடிக்குள்தான்.

அவள் என் பெரியப்பா மகன் ஒட்வாரின் பெண்டாட்டி. நாட்டில் அரசாங்கத்தோடு சண்டை முற்றியபோது ராணுவம் ஊர்களைக் காலி செய்து எங்களையெல்லாம் குலு டவுன் பக்கத்தில் இந்த முகாமில் கொண்டுவந்து அடைத்தது. கூரையோடு கூரை முட்டும். நான் தும்மினால் மதினி அவள் குடிசையிலிருந்து திட்டுவாள். அவ்வளவு நெருக்கம்.

நெருக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வம்சத்தான் இன்னொரு வம்சத்தானைக் கொன்றுவிட்டால், அதற்குப் பிறகு ஒருத்தர் குடித்த பாத்திரத்தில் இன்னொருத்தர் வாய் வைக்கக் கூடாது. கொன்றவன் யாரைக் கொன்றேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஈடு கொடுக்க வேண்டும், பிறகு இரண்டு தரப்பும் கசப்பு வேர் கரைத்த க்வேத்தேயை ஒரே சுரைக்குடுக்கையில் குடிக்க வேண்டும். அதுவரைக்கும் ஆகாது. மீறினால் பிள்ளைகள் தங்காது என்பார்கள். அந்தக் காலத்தில் கொலை என்பது எப்போதாவது ஒன்று, சமாளித்துக்கொண்டார்கள். இந்தச் சண்டையில், அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் போன காட்டுக்காரர்கள் எங்கள் பிள்ளைகளையே பிடித்துக்கொண்டு போய் அவர்கள் கையிலேயே கத்தியைக் கொடுத்தார்கள். யார் கையில் யார் ரத்தம் என்று யாருக்குத் தெரியும்? அத்தனை வம்சமும் ஒரே மாமரத்தடியில் குடிக்க வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

மதினிதான் வழி கண்டுபிடித்தாள். வம்சத்துக்கு ஒரு குடுக்கை. கழுத்தில் சூடு போட்ட கோடு, ஒன்று, இரண்டு, மூன்று என்று. யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கலாம், யாரை வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவள் மண்டைக்குள் இருந்தது.

"நீ அந்தப் பக்கம் போ. இவன் குடிச்சதுல நீ குடிக்கக் கூடாது."

"ஏன்?"

"உன் சித்தப்பனைப் போய்க் கேளு."

அவன் போய்க் கேட்பான். வந்து மறுபக்கம் உட்காருவான். அவள் ஊற்ற மாட்டேன் என்றால் நல்ல போதையில் இருக்கிறவன்கூட எதிர்த்துப் பேச மாட்டான். ஒரு தடவை எனக்கே மூன்று நாள் ஊற்றவில்லை. எந்த வம்சத்து ரத்தம் நம் மேலே இருக்கிறதோ என்று அரண்டுபோய் வயசானவர்களையெல்லாம் விசாரித்தேன். கடைசியில் பார்த்தால் நான் தைத்துக் கொடுத்த சட்டையில் அவளுக்குக் கை தூக்க முடியவில்லையாம்.

"அதுக்கா மதினி என்னைத் தாகத்துல சாகடிச்சீங்க?"

"கை தூக்கினாத்தானே ஊத்த முடியும் கொழுந்தனாரே?"

இப்படிப்பட்டவள். ஆனால் ஒரு விஷயத்தில் அவளோடு யாரும் விளையாட முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒட்வாரும் அவளும் மகள் அச்சிரோவும் முகாமுக்கு வெளியே மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போயிருந்தார்கள். காட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒட்வாரை அங்கேயே முடித்துவிட்டார்கள். பன்னிரண்டு வயசு அச்சிரோவைச் சுமை தூக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். மதினியை மட்டும் உயிரோடு விட்டார்கள். "மேஜர் ஒபால் வந்துட்டுப் போனார்னு போய்ச் சொல்லு" என்று அந்த மேஜரே சொல்லி அனுப்பினான். தகவல் சொல்ல அவன் ஆள் தேர்ந்தெடுத்தது தப்பாகிவிட்டது. மதினி ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்துகிறவளா?

எல்லைக்கு அந்தப் பக்கம் ஜூபாவில் சமாதானப் பேச்சு தொடங்கியதும் அந்த ஒபால் நாற்பது பேரோடு காட்டைவிட்டு வெளியே வந்தான். முகாம் வாசலில் முட்டை வைத்தார்கள். வெளியே போய் என்ன பாவம் செய்துவிட்டு வந்தாலும் முட்டையை மிதித்துத்தான் உள்ளே வர வேண்டும் எங்களிடம். அவன் புதுப் பூட்ஸ் போட்டுக்கொண்டு மிதித்தான். "கால்ல ஒட்டியிருந்தாத்தானே தெரியும் இவனுக்கு" என்றாள் மதினி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒபாலுக்கு வானொலியில் வேலை கொடுத்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் காட்டில் இருக்கிற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். "வீட்டுக்கு வாங்க. யாரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க. என்னைப் பாருங்க, நல்லா இருக்கேன்" என்பான். நல்லா இருந்தான் என்பதற்கு நானே சாட்சி. இரண்டு மாதத்தில் அவன் கால்சட்டை இடுப்பை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு ஏழு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாவம்.

பெற்றவர்கள் பெயர் எழுதிக் கொடுத்தால் அவன் வாசிப்பான். மதினி அச்சிரோவின் பெயரை மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். முன்னால் கொடுத்தவர்கள் பெயரும் பின்னால் கொடுத்தவர்கள் பெயரும் வந்தன. அச்சிரோ பெயர் வரவில்லை. காகிதம் தொலைந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். மூன்று காகிதமும் தொலையுமா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டவுனிலிருந்து ஒரு அம்மா கோப்போடு வந்தாள். போர்க் குற்றத்துக்கென்று தனியாகக் கோர்ட் வரப்போகிறது, காட்டைவிட்டு வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த மன்னிப்பு பெரிய தலைகளுக்குச் செல்லாது, பார்த்ததைச் சொல்லலாம் என்றாள். ஊரே குனிந்துகொண்டு தரையைப் பார்த்தது. மதினி அடுப்பை அணைத்துவிட்டுப் போய் மூன்று நாள் வாக்குமூலம் கொடுத்தாள். மூன்று நாளும் க்வேத்தே இல்லை. ஆண்கள் அதற்கே பாதிப் பேர் அவள் மேல் கோபமாகிவிட்டார்கள்.

மீதிப் பேரின் கோபம் வேறு. பக்கத்துக் குடிசைக்காரியின் மகன் இன்னும் காட்டில் இருந்தான். அவள் மதினியின் அடுப்பு முன்னால் வந்து நின்றாள்.

"உன் புருஷன் செத்தாச்சு. எம்மவன் இன்னும் உள்ள இருக்கான். மேஜரைப் பிடிச்சு உள்ள போட்டா, வெளிய வான்னு யாரு கூப்பிடுவா? கூப்பிட்டாத்தான் எவன் நம்பி வருவான்?"

"எம்மவளும் உள்ளதான் இருக்கா" என்றாள் மதினி.

"அப்புறம் ஏண்டி இப்படிப் பண்றே?"

மதினி குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள். நான் சும்மா இருந்திருக்கலாம், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"நியாயம் வேணுமா, பிள்ளை வேணுமா? ஒண்ணைச் சொல்லுங்க மதினி."

"ரெண்டும் வேணும். நீ தைக்கிற மாதிரி ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை எல்லாம் எனக்கு ஆகாது."

சமாதானக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. அதற்குச் செயலாளர் ஒஜாரா. கையில் எப்போதும் பேனா, கக்கத்தில் பை, முகத்தில் அவசரம். மேஜரை ஊரோடு சேர்க்க ஒரு பெரிய விருந்து வைக்கலாம், கொலைக்குக் கொலை தனித்தனியாகக் கசப்பு வேர் குடித்துக்கொண்டிருந்தால் இந்த ஜென்மத்தில் முடியாது, எல்லாருக்குமாக ஒரே குடியாகக் குடித்துவிடலாம் என்று அவன்தான் யோசனை சொன்னான். டவுனிலிருந்து பெரிய மனுஷர்கள் வருகிறார்கள், படம் எடுக்க ஆள் வருகிறது. செத்தவர்கள் சார்பில் ஒட்வாரின் தம்பி முறையில் நான் மண்டியிட்டுக் குடிக்க வேண்டும். ஊற்றுவது யார்?

"நீங்கதான் ஊத்தணும்மா" என்று மதினியிடம் வந்து நின்றான் ஒஜாரா. "புருஷனைப் பறிகொடுத்த உங்க கையால ஊத்தி மேஜர் குடிச்சாருன்னா, அந்தப் படம் உலகம் பூரா போகும்."

மதினி கரண்டியை எடுத்து இவனைச் சாத்தப் போகிறாள் என்று நான் மெஷினை விட்டு எழுந்துவிட்டேன்.

"எத்தனை பானை?" என்றாள்.

அன்று முழுக்க நான் அவளைத் திட்டினேன். வாக்குமூலம் கொடுத்த வாயால் விருந்துக்கு ஒத்துக்கொண்டீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவள் சோளத்தை இடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கே புரியவில்லை, ஒஜாராவுக்கு எங்கே புரியும்? அவன் டவுனில் படித்து வளர்ந்தவன். மாமரத்தடியில் உட்கார்ந்து குடித்திருந்தால், ஊற்றுகிற வேலையை அவளிடம் கொடுத்திருக்கவே மாட்டான்.

விருந்து நல்ல உச்சி வெயிலில். பந்தலுக்குள் பெரிய மனுஷர்கள், பந்தலுக்கு வெளியே நாங்கள். காளை ஒன்று, ஆடுகள் ஆறு, எள்ளு விழுது போட்ட கீரை ஒரு அண்டா. கசப்பு வேர் குடித்து முடிக்காமல் யாரும் கறியிலோ க்வேத்தேயிலோ கை வைக்க முடியாது. பேச்சு, பேச்சுக்குப் பதில் பேச்சு. எல்லாம் முடிந்து மேஜரும் நானும் எதிரெதிராக மண்டியிட்டு, முறைப்படி கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். நடுவில் குடுக்கை. வேர்ப்பொடி போட்டாகிவிட்டது. மதினி க்வேத்தே பானையோடு வந்து நின்றாள்.

நின்றாள். ஊற்றவில்லை.

"யாரைக் கொன்னே?" என்றாள் மேஜரிடம்.

மேஜர் பந்தலைப் பார்த்துச் சிரித்தான். "சண்டையில எல்லாரும் தப்புப் பண்ணினோம்மா. எல்லாருக்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

"எல்லாருன்னு எங்க ஊர்ல ஆள் கிடையாது. பேரைச் சொல்லு."

ஒஜாரா ஓடி வந்தான். "நேரமாகுதும்மா, ஊத்துங்க."

"பேர் சொல்லாம ஊத்தி, நாளைக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது வந்தா நீ வந்து பாப்பியா? நீ சாயங்காலம் டவுனுக்குப் போயிருவே."

வயசானவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருத்தர் எழுந்தே சொல்லிவிட்டார், "அவ சொல்றதுதான் முறை" என்று. பந்தலில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முறை என்று சொல்லித்தான் அவர்களையே அழைத்து வந்திருந்தார்கள். இப்போது முறை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

மேஜர் குரலைத் தாழ்த்தினான். "பின்னாடி அந்தக் கோர்ட்டு அம்மா உக்காந்து எழுதுறா."

"எழுதட்டும். பேர் தப்பில்லாம எழுதணும்ல, நீ மெதுவாவே சொல்லு."

அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். எனக்கு முட்டி கழன்றுவிட்டது. மேஜரின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக் குடுக்கைக்குள் விழுந்தது. வேர் கசப்பு போதாதென்று இது வேறு. பானையிலிருந்து புளிப்பு வாசனை சும்மா வரவில்லை, குடலைப் பிடித்து இழுத்தது. கூட்டத்திலிருந்து ஒரு குரல், "சொல்லித் தொலைங்க மேஜர், கறி ஆறுது!" எல்லோரும் சிரித்தார்கள். "தொண்டை காயுது!" என்று இன்னொருவன். மேஜரும் கொஞ்சம் சிரித்தான். துப்பாக்கிக்குப் பயப்படாத மனுஷன் தாகத்துக்கு இறங்கி வந்தான். அல்லது பத்து வருஷமாகச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது.

முதல் பெயரைச் சொன்னான். ஆற்றில் ஓடம் தள்ளுகிற ஒருத்தர். எந்த இடம், எந்த வம்சம் என்றும் சொன்னான். இரண்டாவது ஒரு கடைக்காரர். மூன்றாவது, அவர் தம்பி. நான்காவது பெயருக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெயர் வரவர அந்தந்த வீட்டுக்காரர்கள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள். கறி என்று கத்தினவன் வீட்டுப் பெயரும் வந்தது.

"ஒட்வார்" என்றான். "கிழங்குத் தோட்டத்துல. நான்தான் செய்யச் சொன்னேன்."

நான் அழுதேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதால் மூக்கைத் துடைக்க முடியாது. அந்த அசிங்கம் வேறு. மதினி அழவில்லை. பானை ஆடவில்லை. "அப்புறம்?" என்றாள். அந்தப் பெயருக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் அப்புறம் என்கிறாள்.

மேஜர் இப்போது யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனான். "அந்த வாரமே ஆத்தைத் தாண்டினோம். தண்ணி நிறைய. சுமையோட நடக்க முடியாதவங்களை விட்டுட்டுப் போனா காட்டிக் கொடுத்துருவாங்கன்னு... பொண்ணுங்க ரெண்டு பேர். ஒருத்தி பேரு—"

மதினி ஊற்றினாள். குடுக்கை நிறைந்து வழிந்து மேஜரின் சட்டை, என் தொடை, தரை எல்லாம் நனைந்தது. அவள் நிறுத்தவில்லை.

"போதும். குடி. குடிங்கிறேன்ல!"

இருவரும் குனிந்தோம். முறைப்படி நெற்றியோடு நெற்றி முட்டியது. அந்தக் கசப்பை நான் சொல்லி முடியாது. குடுக்கைக்குள் வாயை வைத்துக்கொண்டே மேஜர் முணுமுணுத்தான், "இன்னும் இருக்கு."

"வாயை மூடு" என்றேன் நான். நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை.

கூட்டம் கை தட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். மேஜர் அந்தப் பெயரைச் சொல்ல வாய் எடுத்ததை வெளியே யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. மதினியின் மனசு இளகிவிட்டது, மன்னித்துவிட்டாள் என்று நினைத்தார்கள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஒஜாரா சந்தோஷமாகப் போனான்.

மறுநாள் காலையில் ஒரு காகிதத்தோடு வந்துவிட்டான். வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியிருந்தது. "கசப்பு வேர் குடிச்சாச்சு. குடிச்ச பிறகு வழக்குப் பேசக் கூடாதுன்னு உங்க முறையே சொல்லுதேம்மா. கையெழுத்துப் போடுங்க" என்றான். ஒரே நாளில் முறையைக் கரைத்துக் குடித்தவன் மாதிரி பேச்சு.

"குடிச்சது சொன்ன பேருக்கு" என்றாள் மதினி. "ஒட்வாருக்கு ஆச்சு. அவர் பேரை வேணும்னா அடிச்சுக்கோ. இனி ஒபால் வம்சத்தான் எவனும் என் வீட்ல குடிக்கலாம், நான் ஊத்துவேன். சொல்லாத பேருக்கு யாரும் குடிக்கலை. அதை அவன் கோர்ட்ல போய்ச் சொல்லட்டும்."

"பிள்ளைங்க வரது நின்னு போயிரும்மா."

"தெரியும்."

"உங்க பொண்ணும் அங்கதானே—"

"தெரியும்னு சொன்னேன்ல, போடா!"

அவன் போன பிறகு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். "சொல்லாத பேரை நேத்தே சொல்லியிருப்பானே மதினி? நீங்கதானே ஊத்தி அடைச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

பானைக்குள் துடுப்பைப் போட்டுக் கிண்டினாள். "முடியலைடா" என்றாள். "எல்லாப் பேரும் வேணும்னு வீம்பாத்தான் வந்தேன். அது வரப்போகுதுன்னதும் கை தானா சாஞ்சிருச்சு. எனக்குக் கேக்க முடியாததை வேற எவனாவது உக்காந்து கேக்கணும்ல? அந்தப் பொண்ணை முன்னப் பின்னப் பாக்காதவங்க கேக்கணும். அதுக்குத்தான் கோர்ட்டு." துடுப்பைத் தட்டி வைத்துவிட்டு, "நீ போய் உக்காந்து கேளு. வந்து எதுவும் சொல்ல வேண்டாம். அது வரலைன்னா வழக்கம்போல வம்பு இழு. இழுக்கலைன்னா நான் புரிஞ்சுக்கிடுறேன்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாக்கை அறுக்க வேண்டும்.

மேஜரைப் பிடித்துப் பத்து மாதம் ஆகிறது. வியாழக்கிழமைக் குரல் நின்றுபோனது. முதல் மூன்று மாதம் காட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. நாலாம் மாதம் இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துக் குடிசைக்காரியின் மகன் அவர்களில் இல்லை. அவள் மதினியோடு இன்னும் பேசுவதில்லை. மதினியும் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவள் வாசலுக்குப் போகவில்லை. யாராவது மேஜர் உள்ளே போனது நல்லது என்றாலும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறாள்.

வழக்குத் தேதிக்குத் தேதி நான் குலுவுக்குப் பஸ் ஏறுகிறேன். ஒரு நாள் வக்கீல் வரவில்லை. ஒரு நாள் நீதிபதிக்கு உடம்பு சரியில்லை. ஒரு நாள் காகிதம் ஏதோ வந்து சேரவில்லை. இதுவரை நாலு வாய்தா. திரும்பி வரும்போது மதினி தூரத்திலேயே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "வாய்தா" என்பேன். "நாசமாப் போன கோர்ட்டு" என்று திட்டிவிட்டு எனக்கு ஒரு குடுக்கை நிறைய ஊற்றுவாள். ஊரும் திட்டுகிறது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகத் திட்டுகிறேன். ஆனால் அங்கே கோர்ட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, வக்கீல் எழுந்து இன்னொரு தேதி கேட்டால், கொடுத்துவிடுங்கள் ஐயா, கொடுத்துவிடுங்கள் என்று மனசுக்குள் கும்பிடுகிறேன்.

அடுத்த தேதி வருகிற மாதம். அச்சிரோவுக்குப் பதினெட்டு வயசு முடிகிறது, ஒரு சட்டை தைத்து வை என்று நேற்று மதினி துணி கொண்டுவந்து கொடுத்தாள். அளவு என்ன என்று கேட்டேன். தன் காதுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, கையை இன்னும் நாலு விரல் உயர்த்தினாள். அந்த அளவுக்குத்தான் வெட்டியிருக்கிறேன்.